பணி ஓய்வுக்கான ஆயத்தம்: பினாங்குத் தமிழாசிரியர்களை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

ஓய்வுக்கால வாழ்க்கைக்கு உகந்த இடங்களுள் ஒன்றாகப் பினாங்குத் தீவு உலகோரால் எண்ணப்பட்டு வருகிறது. அயல்நாட்டு முதியோர் இந்நாட்டில் நீண்ட காலம் தங்கி வாழ்வதற்கென மலேசிய அரசு 1996ஆம் ஆண்டு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2002ஆம் ஆண்டு அது 'மலேசியா என் இரண்டாவது இல்லம்' என்னும் பெயரில் விரிவாக்கம் பெற்றது. அத்திட்டத்தின்வழி வந்தோருள் பலர் பினாங்கைத் தெரிவு செய்தனர். கடலும் குன்றும், மருத்துவ வசதியும், பல மொழி பேசுவோர் கலந்து வாழும் நகரச் சூழலும் அவர்களை ஈர்த்தன எனலாம். அவ்வாறு வந்தவர்கள் தங்கள் ஓய்வுக்காலத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே திட்டமிட்டவர்கள். எங்கே வாழ்வது, எவ்வளவு செலவாகும், நாளை எவ்வாறு கழிப்பது என்றெல்லாம் வினவிப் பார்த்தவர்கள்.

இதே தீவில் பிறந்து, இங்குள்ள பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் முப்பது ஆண்டுகள் கற்பித்து, இங்கேயே ஓய்வு பெறும் நம்மவர் அவ்வினாக்களை எப்போது எழுப்புகின்றனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஓய்வு பெறும் நாள் பணியில் சேர்ந்த அன்றே ஏறத்தாழ உறுதியாகி விடுகிறது. வாழ்க்கையின் பெரிய மாற்றங்களுள் இவ்வளவு முன்னதாகவே நாள் குறிக்கப்பட்டது வேறொன்று இல்லை. ஆயினும், இவ்வளவு ஆயத்தமின்றி எதிர்கொள்ளப்படுவதும் வேறொன்று இல்லை எனலாம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. பொருள் ஆயத்தத்துக்குச் சட்டம் துணை நிற்கிறது. ஊழியர் சேமநிதிச் சந்தா மாதந்தோறும் ஊதியத்திலிருந்து கழிக்கப்படுகிறது; அரசுப் பணியாளருக்குப் பணிபுரிந்த ஒவ்வொரு மாதமும் ஓய்வூதியக் கணக்கில் ஏறுகிறது. உள்ளத்தின் ஆயத்தத்துக்கு அத்தகைய கட்டாயப் பிடித்தம் ஏதும் இல்லை. அதனை நாமே விதித்துக்கொள்ள வேண்டியுள்ளது. இக்கருத்தை மையமாகக் கொண்டு, ஓய்வுக்கான பொருள்சார் ஆயத்தத்தையும் உளஞ்சார் ஆயத்தத்தையும் பினாங்குச் சூழலில் வைத்து விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

ஓய்வு என்னும் கருத்தின் தோற்றம்

குறிப்பிட்ட வயதில் வேலையை நிறுத்திவிட்டு ஊதியம் போன்றதொரு தொகையைப் பெற்று வாழ்வது என்பது மனித வரலாற்றில் அண்மைக்காலத்தது. செருமனியில் பிசுமார்க்கின் ஆட்சியில் 1889ஆம் ஆண்டு இயற்றப்பட்ட முதியோர் காப்புறுதிச் சட்டத்தை இதன் தொடக்கமாகக் கொள்வர். அச்சட்டம் முதலில் 70 வயதை எல்லையாக வகுத்தது. 1916இல் அது 65ஆகக் குறைக்கப்பட்டது. அக்காலத்தில் அவ்வயதை எட்டியோர் சிலரே.

மலாயாவில் ஊழியர் சேமநிதி 1951ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தொடங்கப்பட்டது. அதன் முழுத் தொகையையும் பெறும் வயது 55 என வகுக்கப்பட்டது. 1957ஆம் ஆண்டு இந்நாட்டில் பிறப்பின்போது எதிர்பார்க்கப்பட்ட வாழ்நாள் ஆண்களுக்கு ஏறத்தாழ 56 ஆண்டுகள், பெண்களுக்கு ஏறத்தாழ 58 ஆண்டுகள் என்பதை இங்கு ஒப்புநோக்க வேண்டும். குழந்தை இறப்பு மிகுந்திருந்த காலக் கணக்கு அது என்பது உண்மையே. ஆயினும், ஓய்வு என்பது வாழ்க்கையின் கடைசிச் சில ஆண்டுகளுக்கு உரியது என்னும் எண்ணம் அன்றைய நிலைக்குப் பொருந்தியிருந்தது என்பதை அது காட்டுகிறது. இன்றோ 60 வயதை எட்டிய ஒருவர் மேலும் 18 முதல் 20 ஆண்டுகள் வாழ்வது இயல்பாகிவிட்டது. அரசுப் பணியாளரின் கட்டாய ஓய்வு வயதும் 55இலிருந்து 2001இல் 56ஆகவும், 2008இல் 58ஆகவும், 2012இல் 60ஆகவும் உயர்ந்தது. தனியார்துறையில் 60 வயதே குறைந்த அளவு ஓய்வு வயது என்னும் சட்டம் 2013ஆம் ஆண்டு சூலை முதல் நடப்பில் உள்ளது.

ஓய்வுக்கால வாழ்க்கை குறித்துப் பழந்தமிழர் கருதியது யாது என்பதும் நம் துறையினர் எண்ணத்தக்கது. வடநூலார் மனித வாழ்க்கையை நான்கு நிலைகளாகப் பகுத்து, இல்லறத்துக்குப் பின் காடு புகும் நிலையை மூன்றாவதாக வைத்தனர். தொல்காப்பியரோ கற்பியலின் இறுதிப் பகுதியில், இன்ப வாழ்க்கை நிறைவெய்திய பிற்காலத்தில் தலைவனும் தலைவியும் மக்களோடும் அறம் விரும்பும் சுற்றத்தோடும் கூடியிருந்து சிறந்தவற்றைப் பயில்வதே கடந்த வாழ்க்கையின் பயன் என்னும் கருத்துப்பட நூற்பா யாத்துள்ளார். அச்சிறந்தது எது என்பதில் உரைவேறுபாடு காணப்படினும், மக்கள், சுற்றம், துணை, பயிற்சி ஆகிய நான்கும் நூற்பாவிலேயே இடம்பெற்றிருத்தல் தெளிவு. பிற்கால வாழ்க்கைக்கு வேண்டுவன எவை என்னும் வினாவுக்கு இதைவிடச் சுருக்கமான விடை காண்பது அரிது.

இருபதாம் நூற்றாண்டின் முதுமையியலாரும் இவ்விரு நிலைப்பாடுகளை ஒட்டியே வாதிட்டனர். கம்மிங்கும் ஹென்றியும் 1961இல் வெளியிட்ட நூலில், முதியோர் சமூகத்திலிருந்து படிப்படியாக விலகுவது இயல்பு என்றனர். ஹேவிகர்ஸ்ட் முதலியோர் இயங்கிக்கொண்டிருப்பதே நிறைவுக்கு வழி என்றனர். பின்னர் இராபர்ட் அட்சிலி 1989இல் தொடர்ச்சிக் கொள்கையை முன்வைத்தார். நடுவயதில் பழகிய ஈடுபாடுகளையும் உறவுகளையும் தக்கவாறு மாற்றித் தொடர்பவரே முதுமையில் நிலைகொள்கின்றனர் என்பது அதன் சாரம். ஓய்வு பெற்ற மறுநாள் புதிய மனிதராக எவரும் மாறிவிடுவதில்லை என்பதை இக்கொள்கை உணர்த்துகிறது.

பொருள்சார் ஆயத்தம்

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுள் ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளவர்கள் ஓய்வின்போது பெறக்கூடியதை எளிதில் கணித்துக்கொள்ளலாம். இறுதியாகப் பெற்ற அடிப்படை ஊதியத்தைப் பணிபுரிந்த மாதங்களால் பெருக்கி 600ஆல் வகுத்தால் மாத ஓய்வூதியம் கிடைக்கும். 360 மாதங்களுக்கு மேற்பட்ட பணிக்காலம் கணக்கில் சேராது. ஆகவே ஓய்வூதியத்தின் உச்ச அளவு ஊதியத்தில் ஐந்தில் மூன்று பங்கு. சான்றாக, 6,000 ரிங்கிட் அடிப்படை ஊதியத்தோடு 30 ஆண்டுகள் பணியாற்றியவர் 3,600 ரிங்கிட் பெறுவார்; 25 ஆண்டுகள் பணியாற்றியவர் 3,000 ரிங்கிட் பெறுவார். பணிக்கொடை என்பது ஒருமுறை வழங்கப்படும் தொகையாகும். ஊதியத்தில் 7.5 விழுக்காட்டைப் பணிபுரிந்த மாதங்களால் பெருக்கி அதனைக் கணிப்பர். மேற்கூறிய 30 ஆண்டுப் பணியாளருக்கு அது 162,000 ரிங்கிட் ஆகிறது. இவற்றோடு, எடுக்காத விடுப்புக்கான தொகையும் அரசு மருத்துவமனைகளில் மருத்துவச் சலுகையும் உண்டு. ஓய்வூதியர் மறைந்த பின்னர், துணைவருக்கும் தகுதியுடைய பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் தொடர்கிறது.

இவ்வெண்கள் ஆறுதலளிப்பவை. எனினும், இரண்டு செய்திகளை மறத்தலாகாது. ஒன்று, படித்தொகைகள் ஓய்வூதியக் கணக்கில் சேர்வதில்லை. ஆகவே கைக்கு வரும் தொகையின் வீழ்ச்சி ஐந்தில் இரண்டு பங்கைவிடப் பெரிதாக இருத்தல் கூடும். வீட்டுக்கடனும் வாகனக் கடனும் 60 வயதுக்குப் பின்னும் நீளுமாயின் அவ்வீழ்ச்சி கடுமையாக உணரப்படும். மற்றொன்று, 2024ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் அரசுப் பணியில் புதிதாகச் சேர்வோர் ஓய்வூதியத்துக்கு மாறாக ஊழியர் சேமநிதியின்கீழ் வருவர் என அரசு அறிவித்துள்ளது. ஆகவே இளைய ஆசிரியர்கள் தங்கள் மூத்தோரின் அனுபவத்தை அப்படியே முன்மாதிரியாகக் கொள்ள இயலாது.

சேமநிதியை நம்பியிருப்போரின் நிலை வேறு. ஊழியர் 11 விழுக்காடும், 5,000 ரிங்கிட் வரையிலான ஊதியத்துக்கு முதலாளி 13 விழுக்காடும், அதற்கு மேற்பட்ட ஊதியத்துக்கு 12 விழுக்காடும் செலுத்துவது பொது விதி. 55 வயதில் இருக்க வேண்டிய அடிப்படைச் சேமிப்பு 240,000 ரிங்கிட் என 2019இல் வகுக்கப்பட்டது. மாதம் 1,000 ரிங்கிட் வீதம் 20 ஆண்டுகளுக்குப் போதுமானது என்பதே அதன் கணக்கு. அத்தொகை இன்று போதாது என்பதை வாரியமே உணர்ந்து, உயர்ந்த இலக்குகளைப் பின்னர் வகுத்தது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 முதல் 2022 வரை அனுமதிக்கப்பட்ட சிறப்பு மீட்புகளின்வழி 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள் 145 பில்லியன் ரிங்கிட்டை எடுத்தனர். பலருடைய முதுமைக்கால உணவு அப்போதே உண்ணப்பட்டுவிட்டது எனலாம். அன்றைய பசி பொய்யன்று. ஆயினும் அக்குறையை ஈடுசெய்யும் திட்டம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தேவைப்படுகிறது.

55 வயதை எட்டியவுடன் முழுத்தொகையையும் எடுத்தாக வேண்டும் என்னும் தவறான எண்ணம் சிலரிடம் உள்ளது. விட்டுவைக்கும் தொகைக்கு 100 வயது வரை ஆதாயப் பங்கு வழங்கப்படுகிறது. 2023ஆம் ஆண்டுக்கு 5.50 விழுக்காடும், 2024ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடும் அறிவிக்கப்பட்டன. தேவைக்கேற்ப மாதந்தோறும் ஒரு பகுதியைப் பெற்று, எஞ்சியதை அங்கேயே விட்டுவைப்பவர் தமக்குத் தாமே ஓர் ஓய்வூதியத்தை அமைத்துக்கொள்கின்றார்.

பணிக்கொடையோ சேமநிதியோ, பெருந்தொகை கைக்கு வரும் காலம் குடும்ப உறவுகளுக்கு ஒரு சோதனைக் காலமாகும். பிள்ளையின் திருமணம், வீட்டு முன்பணம், உறவினரின் தொழில் முதலீடு, விரைவில் இருமடங்காகும் எனக் கூறி வரும் திட்டங்கள் ஆகியவை ஒருசேர வாயிலில் நிற்கும். தொகை வந்தபின் முடிவெடுப்பவர் முகத்தாட்சணியத்துக்கு ஆட்படுவார். வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே கணவனும் மனைவியும் அமர்ந்து, எவ்வளவு கொடுப்பது, எதனைத் தொடவே கூடாது என எழுதி வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. 'ஏற்கெனவே ஒதுக்கிவிட்டோம்' என்னும் விடை உறவைப் புண்படுத்தாத மறுப்பாகவும் அமையும்.

வாரிசு நியமனமும் உயிலும் பெரும்பாலோர் தள்ளிப்போடும் செயல்கள். சேமநிதியில் நியமனம் செய்யாதார் மறைந்தால் குடும்பத்தார் அத்தொகையைப் பெற அலைய நேரிடும். முசுலிம் அல்லாதாரின் நியமனத்தில் குறிக்கப்பட்டவரே பயனுரிமை பெறுகிறார். முசுலிம்களின் நியமனத்தில் குறிக்கப்பட்டவர் இசுலாமியச் சட்டப்படி பகிர்ந்தளிக்கும் பொறுப்பாளர் ஆகிறார். தமிழ் முசுலிம்கள் மிகுந்து வாழும் பினாங்கில் இவ்வேறுபாடு அறியப்பட வேண்டியதாகும். உயில் எழுதாது மறையும் முசுலிம் அல்லாதாரின் சொத்து 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி பிரிக்கப்படும். துணைவர், பிள்ளைகள், பெற்றோர் மூவகையினரும் இருப்பின் துணைவருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு என அச்சட்டம் வகுக்கிறது. வீடு முழுவதும் மனைவிக்கே சேரும் என்று எண்ணியிருப்போர் இதனைக் கருத வேண்டும்.

உறைவிடமும் உடல்நலமும்

முதுமையில் உறைவிடம் எத்துணை இன்றியமையாதது என்பதற்குச் ஜார்ஜ் டவுன் நகரின் அண்மை வரலாறே சான்று. 1948ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டு, அந்நீக்கம் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் முழு நடப்புக்கு வந்தது. குறைந்த வாடகையில் கடைவீடுகளில் பல்லாண்டுகள் வாழ்ந்தோர் நகரை விட்டு வெளியேற நேர்ந்தது. 2008ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் அந்நகர்ப் பகுதி உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்டபின் கட்டடங்களின் மதிப்பு மேலும் உயர்ந்தது. வீட்டை இழந்தோர் அண்டை வீட்டாரையும், நடந்து செல்லும் தொலைவிலிருந்த கோயிலையும் சந்தையையும், நாள்தோறும் சந்தித்த நண்பரையும் சேர்த்தே இழந்தனர். முதியோர்க்கு இடமாற்றம் என்பது உறவுமாற்றமும் ஆகும்.

ஆகவே ஓய்வுக்குப்பின் எங்கு வாழ்வது என்னும் முடிவை உடல் வலிமை உள்ளபோதே எடுத்தல் வேண்டும். மாடிப்படி மிகுந்த வீடு 75 வயதில் எவ்வாறிருக்கும்? வாகனம் ஓட்ட இயலாத நிலையில் பேருந்து நிறுத்தம் எவ்வளவு தொலைவு? குளியலறையில் கைப்பிடி உண்டா? கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வாழும் பிள்ளைகளோடு சென்று தங்குவதாயின், அங்கே நமக்கென ஒரு வட்டம் அமையுமா? இவ்வினாக்கள் எளியவை, ஆனால் கால் இடறி விழுந்தபின் எழுப்பப்படுமாயின் இவற்றுக்கு நல்ல விடை கிடைப்பதில்லை.

உடல்நலத்தில் நம் சமூகத்துக்கெனத் தனிக்கவலை ஒன்று உண்டு. 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வு, 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியரிடையே அவ்வளவு 31.4 விழுக்காடு. நாள் முழுதும் நின்றும் பேசியும் உழைத்த ஆசிரியர், ஓய்வுக்குப்பின் நாற்காலியிலேயே நாளைக் கழிப்பாராயின் அந்நோய் விரைந்து முற்றும். 1884இல் உருவாக்கப்பட்ட தாவரவியல் பூங்காவும், நம்மவர் தண்ணீர்மலை என வழங்கும் அதன் சுற்றுப்புறமும் காலை நடைக்கு ஏற்ற இடங்கள். நடைப்பழக்கம் ஓய்வுக்கு முன்பே வார இறுதிகளில் தொடங்கப்பட்டால், பின்னர் அது நாள்தோறும் செய்யும் பழக்கமாக விரிவது எளிது.

உளஞ்சார் ஆயத்தம்

ஓய்வு பெறும் ஆசிரியர் இழப்பது ஊதியத்தின் ஒரு பகுதியை மட்டும் என்று கொண்டால் அவருடைய துயரத்தைப் புரிந்துகொள்ள இயலாது. அவர் நான்கினை ஒரே நாளில் இழக்கிறார். முதலாவது, கால ஒழுங்கு. பள்ளி மணியும் பாட அட்டவணையும் பள்ளித் தவணையும் முப்பது ஆண்டுகள் அவருடைய நாளை வகுத்தன. இரண்டாவது, நாள்தோறும் கூடிய சக ஆசிரியர் குழு. மூன்றாவது, தம்மை எதிர்பார்த்து ஒரு வகுப்பறை காத்திருக்கிறது என்னும் உணர்வு. நான்காவது, பெயர். 'சார்' என்றும் 'டீச்சர்' என்றும் ஊரார் அழைத்த அழைப்பு நின்றுவிடுவதில்லை. ஆனால் அதன் பின்னிருந்த பொறுப்பு அகன்றுவிடுகிறது. தலைமையாசிரியராகவோ துறைத்தலைவராகவோ இருந்தவருக்கு இவ்விழப்பு மிகுதி. ஒரு சொல்லில் காரியம் நடந்த இடத்துக்குப் பின்னர் விருந்தினராகச் செல்வது எளிதன்று.

அட்சிலி 1976இல் எழுதிய நூலில் ஓய்வுக்காலத்தைக் கட்டங்களாகப் பகுத்துக் காட்டினார். ஓய்வுக்கு முந்திய எதிர்பார்ப்புக் கட்டம், ஓய்வையொட்டிய தேனிலவுக் கட்டம், அது தணிந்தபின் வரும் ஏமாற்றக் கட்டம், வாழ்க்கையை மீண்டும் ஒழுங்குபடுத்தும் கட்டம், நிலைபெறும் கட்டம், இறுதியில் நோயாலோ மறைவாலோ முடியும் கட்டம் என்பன அவை. எல்லாரும் எல்லாக் கட்டங்களையும் கடப்பதில்லை, வரிசையும் மாறலாம். ஆயினும், இப்பகுப்பு ஒரு பயனுள்ள எச்சரிக்கையைத் தருகிறது. ஓய்வு பெற்ற முதல் ஆறு திங்கள் மகிழ்ச்சியாகச் சென்றால் ஆயத்தம் முடிந்துவிட்டது என எண்ணலாகாது. தமிழகத் திருத்தலப் பயணமும், வீட்டுப் பழுதுபார்ப்பும், பேரப்பிள்ளைகளோடு விடுமுறையும் முடிந்தபின் வரும் வெறுமையே உண்மையான தேர்வாகும். அவ்வெறுமை வரக்கூடியது என முன்பே அறிந்தவர் அதனைத் தம் குறைபாடாகக் கருதி நாணமாட்டார்.

இவ்வெறுமையை இயல்பான சோர்வு என விட்டுவிடலாகாது. 2018ஆம் ஆண்டு முதியோர் உடல்நலம் குறித்து நடத்தப்பட்ட தேசிய ஆய்வு, 60 வயதுக்கு மேற்பட்டோரில் 11.2 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வுக் குறிகளையும், 8.5 விழுக்காட்டினரிடம் மறதிநோயையும் கண்டது. உறக்கமின்மை, உணவில் நாட்டமின்மை, வெளியே செல்ல மறுத்தல் ஆகியவை வாரக்கணக்கில் நீடிப்பின் மருத்துவரை நாடுதலே முறை. 'வயதானால் அப்படித்தான்' என்னும் சொல் பல நோய்களை மறைத்துவிடுகிறது.

கணவன் மனைவியர் உறவும் இக்காலத்தில் மறுவரையறை பெறுகிறது. நாளில் பத்து மணிநேரம் வெளியே இருந்தவர் முழுநாளும் வீட்டில் இருக்கத் தொடங்கும்போது, அதுவரை மற்றவர் ஆண்ட சமையலறையிலும் வரவேற்பறையிலும் எல்லைச் சிக்கல்கள் எழும். ஆசிரியருக்கே உரிய திருத்தும் பழக்கம் வீட்டிலும் தலைகாட்டுமாயின் பூசல் உறுதி. பெண் ஆசிரியர்களின் நிலை மேலும் நுட்பமானது. ஆண் ஓய்வு பெறும்போது வீட்டுவேலை அவருக்குப் புதிது. பெண் ஓய்வு பெறும்போது அவருடைய இரண்டு வேலைகளுள் ஒன்று மட்டுமே முடிகிறது. 'இனி வீட்டில்தானே இருக்கிறீர்கள்' என்று பேரப்பிள்ளைகளின் முழுப்பொறுப்பும் முதிய பெற்றோரின் பராமரிப்பும் அவர்மீது ஏற்றப்படுதல் உண்டு. பேரப்பிள்ளை வளர்ப்பு மகிழ்ச்சி தருவதே. ஆயினும், வாரத்தில் எத்தனை நாள், எந்த நேரம் என்று முன்கூட்டியே பேசி வகுத்துக்கொள்ளாத அன்பு காலப்போக்கில் சுமையாகிவிடுகிறது. வீட்டுவேலைப் பகிர்வும் அத்தகைய பேச்சில் இடம்பெற வேண்டும்.

புறநானூற்றில் பிசிராந்தையார் பாடிய 191ஆம் பாடல் ஈண்டு நினைக்கத்தக்கது. ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் வினவியோர்க்கு அவர் கூறும் விடையில் மருந்தோ செல்வமோ இடம்பெறவில்லை. மனைவி, மக்கள், ஏவலர், காவலன், தம்மூர்ச் சான்றோர் என உறவுகளையே அவர் வரிசைப்படுத்துகிறார். வீட்டில் தொடங்கி ஊரளவும் விரியும் அவ்வட்டங்கள் ஒரே நாளில் அமைந்தவை அல்ல.

பணிக்காலத்திலேயே விதைத்தவர்கள்

ஓய்வுக்காலம் பயனுற அமைந்தோரின் வாழ்க்கையை நோக்கின் ஓர் உண்மை புலப்படுகிறது. டாக்டர் உ.வே. சாமிநாதையர் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து 1919ஆம் ஆண்டு, தம் 64ஆம் வயதில் ஓய்வு பெற்றார். அதற்குப் பின்னரே பெருங்கதை 1924இலும் குறுந்தொகை 1937இலும் அவருடைய பதிப்புகளாக வெளிவந்தன. குறுந்தொகை வெளிவந்தபோது அவருக்கு அகவை 82. 85 வயதை ஒட்டித் தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கினார். இவையனைத்தும் ஓய்வுக்குப்பின் தோன்றிய புதிய ஆர்வங்கள் அல்ல. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த காலத்திலிருந்தே அவர் திரட்டிய சுவடிகளும், எழுதிவைத்த குறிப்புகளும், வளர்த்த நட்புகளும் அவற்றுக்கு அடிப்படையாயின.

பினாங்கில் இதற்கு நிகரான சான்றாக முனைவர் ரெ. கார்த்திகேசுவைக் குறிப்பிடலாம். 1940இல் பிறந்த அவர் வானொலி, தொலைக்காட்சித் துறையில் பணியாற்றிப் பின்னர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பொதுமக்கள் தொடர்பியல் பேராசிரியராக விளங்கினார். பணிக்காலத்திலேயே நாவலாசிரியராகவும் திறனாய்வாளராகவும் நிலைபெற்றிருந்தமையால், பதவி முடிந்தபின்னும் அவருக்கு ஓர் எழுத்துமேசையும் ஒரு வாசகர் வட்டமும் காத்திருந்தன. 'சூதாட்டம் ஆடும் காலம்' என்னும் நாவல் 2006இல், அவர் 66 வயதை எட்டிய காலத்தில் வெளிவந்தது. 2016இல் மறையும் வரை மலேசியத் தமிழ் இலக்கிய உலகில் அவர் குரல் ஒலித்துக்கொண்டிருந்தது. இவ்வாறே, தமிழாசிரியராகப் பணியாற்றிய முரசு நெடுமாறன் தொகுத்து 1997இல் வெளிவந்த 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' ஓரிரு ஆண்டுகளில் திரட்டக்கூடியதன்று.

எல்லாரும் பதிப்பாசிரியராகவோ நாவலாசிரியராகவோ ஆக வேண்டுவதில்லை. இங்குக் கருதத்தக்கது முறையே, அளவன்று. தோட்டக்கலையாயினும், திருமுறை ஓதுதலாயினும், கைத்தொழிலாயினும், பணிக்காலத்தில் சிறிதளவேனும் பயின்றதே ஓய்வுக்காலத்தில் பெரிதாக வளர்கிறது. 'ஓய்வு பெற்றபின் படிக்கலாம்' என அலமாரியில் அடுக்கப்பட்ட நூல்களைப் படிக்கும் பழக்கம் அலமாரியோடு சேர்ந்து வருவதில்லை.

இதனைச் சேமநிதிக் கணக்கோடு ஒப்பிட்டுக் காட்டலாம். பள்ளி நேரம், பயணம், வீட்டில் செய்யும் திருத்தப்பணி ஆகியவை வாரத்துக்கு 45 மணிநேரம் எனக் கொண்டால், விடுமுறைகள் நீங்கலாக ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மணிநேரம் ஆகும். ஓய்வுக்குப் பிந்திய 20 ஆண்டுகளில் அது 36,000 மணிநேரம். இவ்வளவு பெரிய தொகையைக் கையாளும் பயிற்சி ஒருவருக்கு வேண்டாவா? வாரத்தில் ஓய்வாகக் கிடைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கையேனும், பதவியோடு தொடர்பில்லாத ஒரு செயலுக்கும், பள்ளிக்கு வெளியேயுள்ள ஒரு நட்புக்கும் சந்தாவாகச் செலுத்தி வருவோமாயின், ஓய்வு பெறும் நாளில் அதுவும் ஆதாயத்தோடு திரும்பும்.

பினாங்கில் உள்ள வாய்ப்புகள்

தமிழாசிரியரின் அனுபவத்துக்குப் பினாங்கில் தேவை குறையவில்லை. இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கம், 1816இல் நிறுவப்பட்ட பினாங்கு இலவசப் பள்ளியில் நடந்த தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது. இன்று இம்மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அப்பள்ளிகளின் வரலாறு, மூடப்பட்ட தோட்டப்புறப் பள்ளிகளின் நினைவு, பழைய வகுப்புப் படங்கள், ஆண்டு மலர்கள் ஆகியவை பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் வீட்டு அலமாரிகளிலும் நினைவிலுமே உள்ளன. ஜார்ஜ் டவுன் தெருக்களுக்குத் தமிழர் வழங்கிய பெயர்களும் அத்தகையனவே. மார்க்கெட் தெருவைக் கடைத்தெரு என்றே வழங்கியோரின் தலைமுறை அருகி வருகிறது. துறைமுகத் தொழிலாளர், சிறு வணிகர், தோட்டத் தொழிலாளர் ஆகியோரின் பேச்சுவழக்கையும் நாட்டார் பாடல்களையும் ஒலிப்பதிவு செய்வதற்கு, நேரமும் மொழியறிவும் ஊராரின் நம்பிக்கையும் ஒருங்கே உடையவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியரே. பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைகள் அவர்களைத் தகவலாளிகளாக மட்டும் கொள்ளாது, உடன் ஆய்வாளர்களாக ஏற்குமாயின் இருசாராரும் பயனடைவர்.

கற்பவராக மாறுவதும் ஒரு வழி. பிரான்சின் துலூசு நகரில் 1973இல் தோன்றிய 'மூன்றாம் அகவைப் பல்கலைக்கழகம்' என்னும் இயக்கம் தேர்வும் பட்டமும் இன்றி மூத்தோர் கற்க வழி செய்தது. பிரித்தானியாவில் பீட்டர் லாசிலெட் முதலியோர் அதனை மூத்தோரே மூத்தோர்க்குக் கற்பிக்கும் அமைப்பாக மாற்றினர். மலேசியாவில் புத்ரா பல்கலைக்கழகத்தின் முதுமையியல் ஆய்வகம் இவ்வியக்கத்தைத் தொடங்கிவைத்தது. பினாங்குக் கோயில் மண்டபங்களிலும் சங்கக் கட்டடங்களிலும், பிற்பகல் வேளைகளில் மூத்தோர்க்கெனத் தமிழ்வழிக் கல்வி வட்டங்களை அமைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. கைப்பேசிப் பயன்பாடு, உயில் எழுதும் முறை, நீரிழிவு உணவு, சங்க இலக்கிய வாசிப்பு ஆகிய நான்கினையும் ஒரே வட்டத்தில் கற்கலாம்.

இப்பணிகளில் ஈடுபடுவோர் ஒன்றை மனத்திற் கொள்ளுதல் நலம். ஓய்வுக்குப்பின் சேரும் அமைப்பில் மீண்டும் தலைமை நாற்காலியையே தேடுவோமாயின், பழைய இழப்பு புதிய இடத்தில் தொடரும். இளையோர் நடத்தும் வகுப்பில் துணை நிற்கவும், கேட்கப்பட்டபோது மட்டும் கருத்துரைக்கவும் பழகுவது தனிப்பயிற்சியாகும்.

காலமுறைத் திட்டம்

மேற்கூறியவற்றைக் காலவரிசையில் பின்வருமாறு தொகுக்கலாம்.

ஓய்வுக்குப் பத்தாண்டுகளுக்கு முன்: கடன்கள் ஓய்வுக்கு முன் முடியுமா எனக் கணித்தல், முழு உடற்பரிசோதனையை ஆண்டு வழக்கமாக்குதல், பள்ளிக்கு வெளியே ஓர் ஈடுபாட்டைத் தேர்ந்து வாரந்தோறும் நேரம் ஒதுக்குதல்.

ஐந்தாண்டுகளுக்கு முன்: உறைவிட முடிவை எடுத்தல், வாரிசு நியமனத்தையும் உயிலையும் முடித்தல், பணிப்பதிவேட்டில் பிழைகள் உள்ளனவா எனச் சரிபார்த்தல். அறுபதுக்கு முன்னரே விருப்ப ஓய்வை நாடுவோர், தமக்குரிய விதிகளையும் குறையும் மாதங்களால் ஏற்படும் இழப்பையும் எழுத்தில் பெற்றபின் முடிவு செய்தல்.

ஓராண்டுக்கு முன்: ஓய்வூதியத் தொகைக்குள் மூன்று மாதம் குடும்பம் நடத்திப் பார்த்தல், பணிக்கொடையின் பயன்பாட்டைத் துணைவரோடு எழுதி வகுத்தல், வீட்டுவேலைப் பகிர்வு குறித்துப் பேசுதல், தம் பாடக்குறிப்புகளையும் அனுபவத்தையும் இளைய ஆசிரியர் ஒருவருக்கு முறையாகக் கையளித்தல்.

ஓய்வின் முதலாண்டில்: பெரிய முதலீடு, வீட்டு விற்பனை, இடமாற்றம் ஆகியவற்றைத் தவிர்த்தல், வாரத்தில் மூன்று நாளேனும் குறித்த நேரத்தில் வெளியே செல்ல வேண்டிய ஒரு கடமையை அமைத்துக்கொள்ளுதல், ஏமாற்றக் கட்டம் வருமாயின் அதனைத் துணைவரிடமும் நண்பரிடமும் மறைக்காதிருத்தல்.

முடிவுரை

மலேசிய அரசின் ஓய்வூதியமும் சேமநிதியும் முதுமைக்குப் பொருளடிப்படையை அமைத்துத் தருகின்றன. அவ்வடிப்படை போதுமா எனக் கணக்கிட்டு, குறையை முன்பே ஈடுசெய்வது நம் பொறுப்பு. கால ஒழுங்கு, நட்பு, பயன்பாட்டுணர்வு, பெயர் ஆகிய நான்கையும் இழந்தபின் அவற்றுக்கு ஈடானவற்றைத் தேடுவதைவிட, பணியில் இருக்கும்போதே சிறிது சிறிதாகச் சேர்த்துவைப்பது எளிது என்பதை மேற்காட்டிய சான்றுகள் உணர்த்துகின்றன. தொல்காப்பியர் கூறிய சுற்றமும் பயிற்சியும் பிற்காலத்தில் வந்து சேர்பவை அல்ல. முற்காலத்திலிருந்து உடன் வருபவை. நாற்பத்தைந்து வயதில் உள்ள ஆசிரியர் ஒருவர் இவ்வாரமே ஒரு மாலைப்பொழுதை அதற்கெனக் குறித்துக்கொள்வாராயின், அவருடைய ஓய்வுக்கான ஆயத்தம் தொடங்கிவிட்டது எனத் துணியலாம். ஆசிரியர் பயிற்சிக் கழகங்களும் ஆசிரியர் சங்கங்களும் இவ்வுளஞ்சார் ஆயத்தத்தைத் தங்கள் பணியிடைப் பயிற்சிகளில் சேர்ப்பின், தனியொருவரின் முயற்சியாக உள்ளது சமூகத்தின் வழக்கமாக வளரும்.